ஆஸ்பத்திரியில் ‘விழுந்துட்டேன்’ என்று சொல்லாதீர்கள்: மலைச்சாலை முக்கில் சைக்கிளில் அடிபட்டால்

குன்னூரில் இருபத்திரண்டு வருடமாகப் பேப்பர் போடுகிறேன். மலையில் சைக்கிளா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவோம், இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருவோம். பாதித் தூரம் நடைதான். 2022 நவம்பரில் ஒரு விடியற்காலை, கோத்தகிரி ரோட்டில் வண்டிச்சோலைப் பக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தேன். இடது கைப்பக்கம் எஸ்டேட் ரோடு வந்து சேரும் முக்கில் ஒரு பிக்கப் வேன் நிற்காமல் வெளியே வந்தது. என் முன் சக்கரம் அதன் வலது முன் சக்கரத்துக்கு மேலே போய் மோதியது. காறை எலும்பு முறிந்தது.

கூடியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “இறக்கத்துல அந்த வேகத்துல வந்தா வேற என்ன ஆகும்? சைக்கிள்தானே வேன்ல போய் மோதுச்சு!” வலியோடு உட்கார்ந்திருந்த நானும் அதை நம்பினேன். நீலகிரியில் இன்றும் இப்படித்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை.

யார் யார்மீது மோதினார்கள் என்பதைவிட, அந்த முக்கில் யார் யாருக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. முக்கை நெருங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கிளைச்சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்குள் நுழைகிறவர் அதில் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். எது மெயின் ரோடு என்று குறிக்கப்படாத இடத்தில் தன் வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். மோட்டார் வாகனம் ஓட்டுகிறவருக்கு விதி இது. என் விஷயத்தில் வேன் கிளைச்சாலையிலிருந்து வந்தது, நான் அதன் வலது பக்கமிருந்து வந்தேன். எப்படிப் பார்த்தாலும் நின்றிருக்க வேண்டியது வேன்தான். வேனின் பக்கவாட்டில் விழுந்த நசுங்கல், அது என் பாதையை மறித்து நின்றது என்பதற்குத்தான் சாட்சி.

இறக்கத்தில் வருகிறவர் ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதியும் உண்டு. இரண்டு வண்டி தாராளமாக விலக இடமில்லாத குறுகலான ரோட்டுக்கு அது. முக்கில் குறுக்கே வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. ஆனால் எஸ்டேட்டுக்குள் ஒற்றை வண்டி போகும் ரோட்டில் நீங்கள் இறங்கும்போது எதிரே ஜீப் ஏறி வந்தால் ஓரம் கட்டி நில்லுங்கள். அங்கே மோதினால் உங்கள் பக்கமும் தவறு பேசப்படும்.

இனி நான் செய்த பெரிய பிழையைச் சொல்கிறேன். வேன் ஓட்டிய பையனே என்னைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அழுதான். “அண்ணா, கேசுன்னு போயிடாதீங்ணா, ஓனர் வேலைய விட்டு அனுப்பிடுவாரு. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். டூட்டி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அதே வார்த்தை ஏறிவிட்டது. பையன் மூவாயிரம் ரூபாய் கொடுத்தான். மறுநாள் முதல் போனை எடுக்கவில்லை.

அந்த ஒரு வரியைத் தாண்டி வர எனக்கு இரண்டரை வருடம் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, “நீங்களே விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விபத்துக்குச் சில நிமிடத்தில் உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு, பிறகு நீங்கள் சொல்லும் எதையும்விட எடை அதிகம். ஆகவே டாக்டரிடம் மூன்று விஷயம் மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடித்தது. நம்பர் தெரிந்தால் நம்பரையும். உங்களுக்கு நினைவில்லை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுநர்மேல் இரக்கம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்து, ஓட்டியவருக்கு முறையான லைசென்சும் இருந்தால், இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். அந்தப் பையன் தன் சம்பளத்திலிருந்து கட்டப் போவதில்லை. சைக்கிளில் போகிற நமக்கு லைசென்சோ இன்சூரன்சோ தேவையில்லை. அந்த வண்டியின் பாலிசிக்கு நாம் ‘மூன்றாம் நபர்’. அந்த பாலிசியே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இடித்தவர் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவின்படி அவருடைய கடமை.

என்னைக் காப்பாற்றியது டீக்கடைக்காரர் எடுத்த ஒரு போட்டோ. வேனை ஓரம் கட்டுவதற்கு முன்பே எடுத்திருந்தார். எஸ்டேட் ரோட்டின் வாய், வேன் நின்ற கோணம், சிதறிக் கிடந்த பேப்பர்கள், நம்பர் பிளேட் எல்லாம் ஒரே படத்தில் இருந்தன. நீங்களும் கிட்டேயிருந்து காயத்தை மட்டும் எடுக்காமல், பத்தடி தள்ளி நின்று முக்கு முழுவதும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். படத்தை எடுத்த போனிலேயே அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கோர்ட்டில் காட்டும்போது அதற்கென ஒரு சான்று கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்துப் பேக்கரியிலோ பெட்ரோல் பங்கிலோ கேமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வேனைப் பார்ப்பார்; உங்கள் சைக்கிளில் பிரேக் பிடிக்கிறது என்று காட்ட அந்த சைக்கிள்தான் இருக்கிறது.

நான் நான்காவது நாள்தான் ஸ்டேஷனுக்குப் போனேன், அதுவும் மகள் கட்டாயப்படுத்தி. “ஏன் அன்னைக்கே வரலை?” என்று கேட்பார்கள். தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே உள்ளபடி எழுதுங்கள். விபத்து வழக்கில் எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. டிரைவர் கெஞ்சியதால் டாக்டரிடம் மாற்றிச் சொன்னதையும் ஒளிக்காமல் எழுதினேன். பிறகு அதுதான் எனக்கு உதவியது. புகார் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் நகலைக் கேளுங்கள், அது இலவசம். பதியவே மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். என் வழக்கு இ.பி.கோ. 279, 338, அதாவது ஆபத்தாக வண்டி ஓட்டியது, அதனால் கொடுங்காயம் உண்டாக்கியது. இதே குற்றங்கள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125(பி) என்று வருகின்றன.

போலீஸ் அந்த இடத்தில் பார்வை மகஜரும் (இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயார் செய்வார்கள். இதை யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனித்திருக்க மாட்டேன். எங்கள் வக்கீல் குமாஸ்தாதான் கண்டுபிடித்தார்: முதல் வரைபடத்தில் எஸ்டேட் ரோட்டையே காணோம்! நேர் ரோடாக வரைந்தால் முக்கும் இல்லை, வழிவிடும் கடமையும் இல்லை. எழுதிக் கொடுத்துத் திருத்த வைத்தோம். உங்கள் வழக்கின் வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ என்ற அரசுத் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டத்திலும் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழியிருக்கிறது. அதற்குமேல் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வேண்டும். கோயம்புத்தூருக்கு ஸ்கேனுக்குப் போன டாக்ஸிக்கு நான் ரசீது வாங்கவில்லை, அந்தப் பணம் கணக்கில் சேரவில்லை. எனக்குப் பதிலாகப் பேப்பர் போடப் போன பையனுக்கு மாதாமாதம் கொடுத்ததை மனைவி ஒரு நோட்டில் எழுதி அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு அந்த நோட்டும் பேப்பர் ஏஜென்ட் கொடுத்த கடிதமும்தான் வருமானச் சான்று.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. எலும்பு சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இடித்தது கேரளா வண்டியோ பெங்களூரு வண்டியோ ஆனாலும் அங்கே அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ போடலாம். இதில் இரண்டு வழி உண்டு, எனக்கு ஒன்றைத்தான் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் போனால் ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 164-ஆவது பிரிவில் தவறு யாருடையது என்ற பேச்சே கிடையாது. கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு அதோடு முடிந்துவிடும்.

நான் 166-இல் போனேன். தீர்ப்பாயம் மொத்த இழப்பை 3,20,000 என்று கணக்கிட்டது. விடியாத நேரத்தில், பனியில், சைக்கிளில் முன்விளக்கு இல்லாமல் வந்ததற்காக 20 சதவீதம் என் தவறு என்று வைத்து 64,000 கழித்தது. கைக்கு 2,56,000, அதற்கு வட்டி. இரண்டரை வருட அலைச்சலுக்குப் பிறகு கிடைத்தது 164-இன் தொகையைவிட ஆறாயிரமும் வட்டியும்தான் அதிகம். ஆறி வேலைக்குத் திரும்பிவிடக்கூடிய எலும்பு முறிவு என்றால் 164-ஐ வக்கீலிடம் நீங்களே கேளுங்கள். கை காலில் நிரந்தர ஊனம் தங்கிவிட்டால், வயதும் குறைவாக இருந்தால், 166-தான் சரி. அப்போது மருத்துவ வாரியத்தின் ஊனச் சான்று முக்கியம்; அந்த ஊனம் உங்கள் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த வழியில் போனாலும் அந்த வண்டிதான் இடித்தது என்று காட்டியாக வேண்டும். ஏ.ஆர். காப்பி அங்கேயும் வந்து நிற்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து, வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியே அனுமதி தருவதில்லை. வசதியில்லாதவர்கள் 15100-க்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழி காட்டும்.

வண்டி நிற்காமல் போய், யாரென்றே தெரியாமல் போனாலும் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் விசாரித்து மனு கொடுக்க வேண்டும். இரண்டு சைக்கிள் ஒன்றோடொன்று மோதினால் இந்தத் தீர்ப்பாயம் எதுவும் பொருந்தாது.

தீர்ப்பு வந்தபிறகு இன்சூரன்ஸ் கம்பெனி 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாம். என் வழக்கில் போகவில்லை. பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும்படி பாஸ்புக் நகலை வழக்குக் கட்டில் முன்பே சேர்த்து வையுங்கள்.