பிள்ளை அடம் பிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிள்ளை கடிக்கிறான், அடிக்கிறான், தரையில் புரள்கிறான் என்றால் இதை எப்படி நிறுத்துவது என்றுதான் முதலில் யோசிக்கிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அப்படிச் செய்வதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் நிறுத்தப் போனால், பல நேரம் நாமே அதை வளர்த்துவிடுவோம்.

பாலர் பள்ளியில் பொம்மைகளை எடுத்து வைக்கும் நேரம் வந்தாலே மூன்று வயதுப் பையன் கட்டைகளை வீசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அவனை மூலையில் உட்கார வைக்கிறார், மற்ற பிள்ளைகள் அடுக்கி முடிக்கிறார்கள். இது தண்டனையா? வேலையிலிருந்து தப்பித்தாயிற்று, நாளைக்கும் வீசுவான். அதே பையன் வீட்டில் வீசினால் காரணம் வேறாக இருக்கலாம்: அம்மா கைபேசியை விட்டு நிமிர்ந்து பார்ப்பதே அப்போதுதான். அதனால் ஒரு வாரம் எழுதி வையுங்கள், அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. மூன்றாவதை எழுதத்தான் நமக்குக் கூச்சமாக இருக்கும்.

ஃபேர்பிரைஸ் பேரங்காடிக் கல்லாவில் சாக்லேட்டுக்கு அழுதால் நாலு தடவை மறுத்துவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று ஐந்தாவது தடவை வாங்கிக் கொடுப்பது இன்னொரு தவறு. எப்போது கிடைக்கும் என்று தெரியாததால்தான் விடாமல் அழுகிறான். உறுதியாக மறுக்கத் தொடங்கினால் முதல் சில நாள் அழுகை கூடலாம், அப்போது பயந்து கொடுத்தால் இன்னும் சத்தமாக அழக் கற்றுக்கொள்வான்.

ரோத்தானை (பிரம்பை) எடுத்தால் அடங்குவான் என்று தாத்தா பாட்டி சொல்வார்கள். அடங்குவான், சரி. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று ரோத்தான் சொல்லிக் கொடுக்காது. "முடியல, உதவி செய்ங்க" என்று கேட்கப் பழக்குங்கள், கேட்டதும் உதவுங்கள்.

காலையில் விட்ட பிள்ளையை மாலை ஆறரைக்கு அழைத்துக்கொண்டு நெரிசலான எம்ஆர்டி ரயிலில் ஏறினால் கத்தத்தான் செய்வான், அது பசியும் களைப்பும். ஏறும் முன் ஒரு பிஸ்கட் கொடுத்துப் பாருங்கள். கைபேசியைக் கையில் திணிக்க வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளிக்கு வெளியே திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் 2025 வழிகாட்டி.

இரண்டு வயதில் அடம் சகஜம். ஆனால் பேச்சு வரவில்லை, வந்த வார்த்தைகளும் போய்விட்டன, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும் என்று சொல்கிற உறவினரை நம்பி ஒரு வருடம் காத்திருக்காதீர்கள்.