ஒட்டுக்கேட்பு உத்தரவுகளின் கணக்கை ஆர்டிஐயில் கேட்பது எப்படி?

"என் போனை ஒட்டுக்கேட்கிறீர்களா?" என்று ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுபவர்கள் நிறையப் பேர். மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான் நஷ்டம். குறிப்பிட்ட ஓர் எண் ஒட்டுக்கேட்கப்பட்டதா, கண்காணிக்கப்பட்டதா என்ற தகவல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்று 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் ஆளைப் பற்றிக் கேட்காமல் கணக்கைக் கேட்டால் நிலைமை வேறு. மத்திய அரசு மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகளும், 300 முதல் 500 மின்னஞ்சல் உத்தரவுகளும் பிறப்பிக்கிறது என்ற விவரம் வெளியே வந்ததே 2013-இல் உள்துறை அமைச்சகம் தந்த ஓர் ஆர்டிஐ பதிலால்தான். அதற்குப் பிறகு அமைச்சகம் கையை இறுக்கிக்கொண்டது. அதனால் கேள்வியை அளந்து எழுத வேண்டும்.

முதல் படி: எந்தச் சட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பாதி மனுக்கள் இங்கேயே சறுக்குகின்றன. ஒட்டுக்கேட்புக்கு இரண்டு வாசல்கள் உண்டு. போன் அழைப்பு, எஸ்எம்எஸ் போன்றவற்றுக்கு நெடுங்காலம் 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவும் அதன் 419ஏ விதியும் இருந்தன. 2024 ஜூன் 26 முதல் அந்த இடத்துக்கு 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவு வந்தது. அதற்கான புது விதிகள் 2024 டிசம்பர் 6-இல் அறிவிக்கப்பட்டன. கணினி, இணையத் தகவல்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் 2009-ஆம் ஆண்டு விதிகளும்.

2025-ஆம் ஆண்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு "தந்திச் சட்டத்தின்கீழ்" என்று மட்டும் எழுதினால் "எதுவும் இல்லை" என்று பதில் வரலாம். அது பொய்யும் ஆகாது. மூன்று சட்டங்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை கேளுங்கள்.

இரண்டாம் படி: சரியான கதவைத் தட்டுங்கள்

ஐபி, ரா, சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஆகிய உளவு, விசாரணை அமைப்புகள் ஆர்டிஐ சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல் தவிர மற்றது எதையும் தர வேண்டியதில்லை என்று 24-ஆம் பிரிவு அவற்றுக்குச் சலுகை தருகிறது. 69-ஆம் பிரிவின்கீழ் கண்காணிக்க 2018 டிசம்பர் 20-இல் அனுமதி பெற்ற 10 அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த அட்டவணைக்குள்தான் இருக்கின்றன. அங்கே மனு அனுப்பாதீர்கள்.

ஆனால் அவை கேட்கும் அனுமதியில் கையெழுத்திடுபவர் மத்திய உள்துறைச் செயலாளர். அவருடைய அமைச்சகம் அட்டவணையில் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் சைபர் மற்றும் தகவல் பாதுகாப்புப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைவர் அமைச்சரவைச் செயலாளர். எனவே அமைச்சரவைச் செயலகத்துக்கு இரண்டாவது மனு. ரா அமைப்பு இந்தச் செயலகத்தின்கீழ் வந்தாலும் விலக்கு ராவுக்குத்தான், செயலகத்துக்கு இல்லை.

மாநிலங்களும் ஒட்டுக்கேட்க உத்தரவிடலாம். தமிழ்நாட்டுக் கணக்கு வேண்டுமென்றால் மாநில உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தலைமைச் செயலகம், சென்னை 600009 என்ற முகவரிக்குத் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். இங்கே மறுஆய்வுக் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர்.

மூன்றாம் படி: கேள்விகள்

"ஏன்", "எதற்காக" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். ஆர்டிஐயில் கிடைப்பது அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணம் மட்டுமே. விளக்கமோ கருத்தோ அல்ல. பெயர், எண், வழக்கு விவரம் எதையும் தொடாதீர்கள். தனிநபர் தகவலுக்கான 8(1)(ஜே) பிரிவு 2025 நவம்பர் முதல் முன்பைவிட இறுக்கமாகிவிட்டது.

காலத்தைக் குறுக்குங்கள். உத்தரவுகள் தொடர்பான ஆவணங்களை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அழிக்கச் சொல்வதே விதி. ஐந்து வருடக் கணக்கு கேட்டால் "அழிக்கப்பட்டுவிட்டது" என்ற ஒரே வரியில் கதை முடியும். கடந்த நான்கு மாதங்களுக்கு மட்டும் கேட்டு, நான்கு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மெதுவான வழிதான், ஆனால் அந்தச் சாக்கு எடுபடாது.

மனுவில் இருக்க வேண்டியவை:

1. மேற்கண்ட மூன்று சட்டங்களின்கீழ், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளின் எண்ணிக்கை, மாத வாரியாக. புதியவை எத்தனை, நீட்டிப்பு எத்தனை எனத் தனித்தனியாக. ஓர் உத்தரவு 60 நாள் வரை செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது.

2. அவசரம் என்று முன் அனுமதி இல்லாமல் தொடங்கப்பட்டவை எத்தனை? அவற்றில் ஏழு வேலை நாள்களுக்குள் ஒப்புதல் கிடைக்காமல் நிறுத்தப்பட்டவை எத்தனை?

3. மறுஆய்வுக் குழு கூடிய தேதிகள், ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கப்பட்ட உத்தரவுகளின் எண்ணிக்கை, ரத்து செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை.

4. ஆவண அழிப்பு குறித்து அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கைகளின் நகல்.

மூன்றாவது கேள்விதான் உயிர். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடிய தேதியைச் சொல்வதால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வந்துவிடும்? ஆயிரக்கணக்கான உத்தரவுகளை ஒரே அமர்வில் பார்த்ததாகப் பதில் வந்தால், அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் குழு வெறும் சடங்கும் அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் 2011-ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை ரத்து செய்தபோது, பதிவானவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததையும் ஒரு காரணமாகச் சொன்னது.

நான்காம் படி: மனுவை அனுப்புதல்

மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் 10 ரூபாயை யுபிஐ அல்லது கார்டு மூலம் கட்டலாம். மனுப் பெட்டியில் 3,000 எழுத்துகள்தான் கொள்ளும். ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறியீடுகள் தவிர மற்றதை அது ஏற்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்தால் பிழை காட்டும். மேற்கோள் குறி இருந்தாலும் அப்படியே. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். தமிழில்தான் அனுப்புவேன் என்றால் தபால்தான் வழி: 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரைக் கணக்கு அலுவலர் பெயரில் எடுத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் போய்ப் பதிவு எண் வரவில்லையென்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஓரிரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் எண் வந்துவிடும்.

ஐந்தாம் படி: பதிலைப் படிப்பது, மேல்முறையீடு

30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வழக்கமாக மூன்று வகை மறுப்பு வரும்.

"8(1)(ஏ)-இன்படி தர இயலாது" என்பது முதல் வகை. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டும் பிரிவு அது. பிரிவு எண்ணை மட்டும் எழுதினால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும் என்கிறது 7(8). மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் 19(5)-இன்படி அலுவலர் தலையில்தான். ஒரு பகுதி ரகசியம் என்றால் மிச்சத்தைப் பிரித்துத் தர 10-ஆம் பிரிவு இருக்கிறது. மேல்முறையீட்டில் இந்த மூன்றையும் எழுதுங்கள்.

"தொகுத்துத் தர ஆள் பலம் இல்லை" என்பது இரண்டாவது. அதற்கு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு தகவலை வேறு வடிவில் தரத்தான் சொல்கிறது, மறுக்கச் சொல்லவில்லை. கூட்டத் தேதிகள் உள்ள பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, "அப்படி ஒரு தகவல் பராமரிக்கப்படுவதில்லை." கடினமானது இதுதான். ஆனால் விதி கேட்கும் பதிவையே வைத்திருக்கவில்லை என்று அலுவலகமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பொதுநல வழக்குப் போடும் வழக்கறிஞருக்கு அது தங்கம்.

முதல் மேல்முறையீட்டைப் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் அதே இணையதளத்தில் போடலாம், கட்டணம் இல்லை. முடிவு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாள்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மாநில மனுவானால் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே விசாரணை வரவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாம் மேல்முறையீட்டைப் போடும் அன்றே, தொடர்புடைய ஆவணங்களை விசாரணை முடியும்வரை அழிக்கக் கூடாது என்று உள்துறைக்குத் தனிக் கடிதம் அனுப்பி, அதன் நகலை ஆணையத்துக்கான மனுவில் இணைத்துவிடுங்கள்.