"அடியில நூல் சிக்குது மிஸ்!"

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிதி தையல் மெஷின் பழக்கிய முதல் மாதம் முழுக்க எனக்கு இந்த ஒரே பாட்டுதான். துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நானும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றுவேன், மறுபடி சுற்றுவேன், அது உட்காரும் பாபின் கேஸின் திருகைத் திருகுவேன். பத்து நிமிடத்தில் அடுத்த மெஷினிலிருந்து அதே குரல்.

ஒருநாள் வெள்ளை நூல் தீர்ந்துபோக, மேலே சிவப்பு மாட்டினேன். பாபினில் வெள்ளையே இருந்தது. சிக்கைப் பார்த்தால் அத்தனையும் சிவப்பு! குற்றவாளி மேல்நூல். பாவம், பாபினைத்தான் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நூல் கோர்க்கும்போது பிள்ளைகள், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்காமல் கீழேயே விட்டிருந்தார்கள். அப்போது மேல்நூலைப் பிடித்து இறுக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும். நூல் அவற்றுக்கிடையே போகாமல் விளிம்பிலேயே நிற்கும். பிடிமானம் இல்லாத நூல் அடியில் போய்க் குவியாமல் என்ன செய்யும்?

இப்போது பாதத்தைத் தூக்கிவிட்டுத்தான் கோர்க்க வேண்டும். கோர்த்ததும் நூலை இழுத்துப் பார்ப்பார்கள்: பாதம் மேலே இருந்தால் வழுக்கி வரணும், இறக்கினால் இறுகணும். இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டே முதல் நாலைந்து தையல்.

மிச்சமிருந்த சிக்கு, சக்கரம் பின்னோக்கிச் சுற்றியதால் வந்தது. அதற்கு நூலே இல்லாமல், கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு வாரம் ஓட்டவிட்டேன். ஊசித்துளை கோட்டின் மேலேயே விழுந்தவர்களுக்குத்தான் துணி. இந்த வாரம் நான்கு பேர் தலையணை உறைக்கு வந்துவிட்டார்கள்.