ஃபென்ஸ் வடிகால்களில் பைக் மீன் பிடிப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

பைக் (pike) என்பது கூர்மையான பற்கள் கொண்ட, பிற மீன்களை வேட்டையாடும் நன்னீர் மீன். தூண்டிலைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. மீன் எங்கே நிற்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

கிழக்கு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷர், லிங்கன்ஷர், நார்ஃபோக் பகுதிகளில் பரந்து கிடக்கும் தாழ்நிலம் ஃபென்ஸ். ஒரு காலத்தில் நாணலும் சேறும் நிறைந்த சதுப்பு. 1630-இல் பெட்ஃபோர்ட் பிரபு முதலீட்டாளர்களைச் சேர்த்து இதை வடிக்க இறங்கினார். வெட்டும் வேலையை நடத்தியவர் டச்சுப் பொறியாளர் வெர்முய்டன். எரித் (Earith) என்ற ஊரிலிருந்து நார்ஃபோக்கின் டென்வர் கிராமத்துப் பக்கம் சுமார் 21 மைலுக்குப் பழைய பெட்ஃபோர்ட் ஆறு 1637-இல் வெட்டி முடிந்தது. அதற்கு இணையான புதிய ஆறு 1651-இல் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் பீட் மண் (மக்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண்) காய்ந்து சுருங்கி, நிலமே இறங்கிவிட்டது. 1851-இல் ஹோம் ஃபென்னில் தரைமட்டத்துக்கு நட்ட இரும்புத் தூண் இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது! வயல் வடிகாலைவிடத் தாழ்ந்துவிட்டதால், காற்றாலை, நீராவி, டீசல், மின்சாரம் என்று காலத்துக்கேற்ற பம்புகளால் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள்.

1. இடம் பார்ப்பது

அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் வெட்டிய வடிகால்கள் இவை. ஆற்றில் இருக்கும் மடுவோ வளைவோ இவற்றில் அரிது. கிலோமீட்டர் கணக்கில் ஒரே அகலம், கிட்டத்தட்ட ஒரே ஆழம். அந்தக் கோடு எங்கே கலைகிறதோ அங்கே பைக் நிற்கும்: பாலத்தடி, கிளை வாய்க்கால் சேரும் முனை, மதகு, பம்பு நிலைய வாய், படகு கட்டும் துறை. குளிர் ஏறினால் சிறு மீன்கள் கூட்டமாக இவ்விடங்களில் ஒதுங்கும். பைக்கும் பின்னால் வரும்.

பம்பு ஓடும்போது நீர் இழுக்கும், பாசி நரம்பில் (தூண்டில் இழையில்) மாட்டும், தண்ணீர் கலங்கும். புதிதாகப் பழகுகிறவர் அன்றைக்கு வேறு வடிகாலுக்குப் போவதே மேல்.

2. காலமும் உரிமமும்

ஆறு, வடிகால்களில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. அக்டோபருக்குப் பிறகு போங்கள். வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு, போராடிக் களைத்த பைக் விட்டபிறகும் செத்துப்போகும். அரசு உரிமத்தோடு, அந்தக் கரையை வைத்திருக்கும் சங்கத்தின் சீட்டும் வேண்டும்.

3. கட்டுவது

12 அடித் தடி, 15 பவுண்டு தாங்கும் நரம்பு. நுனியில் 50 செ.மீ. கம்பி, குறைந்தது 28 பவுண்டு. பைக்கின் பல் நரம்பை நொடியில் அறுத்துவிடும், கம்பியில்லாமல் போடவே கூடாது. கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் மாற்றிவிடுங்கள், அடுத்த மீனுக்கு அங்கேதான் அறும். 6 அல்லது 8 எண் மும்முள் (மூன்று கொக்கி சேர்ந்த தூண்டில் முள்) இரண்டு. முள்ளின் எதிர்க்கொக்கிகளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது.

4. இரை

செத்த மத்தி, அல்லது பாதி கானாங்கெளுத்தி. 12 முதல் 15 செ.மீ. போதும். மேல் முள்ளை வாலடியில் ஆழமாகக் குத்துங்கள், இன்னொன்றை 7 செ.மீ. தள்ளி விலாவில் லேசாக. எண்ணெய் மிகுந்த இந்த மீன்களின் வாசம் கலங்கிய நீரிலும் பரவும்.

5. போடுவது

மிதவையை ஆழத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக வைத்து, 30 கிராம் ஈயத்தோடு தரையில் கிடத்துங்கள். முதலில் உங்கள் காலடிக் கரையோரம், பிறகு எதிர்க்கரை. பலரும் காலடியை விட்டுவிட்டு நேராக அக்கரைக்கே வீசுவார்கள். 20 நிமிடம் அசைவில்லையென்றால் 20 மீட்டர் நகருங்கள். மின்கம்பிக்கு அடியில் வேண்டவே வேண்டாம், கார்பன் தடியில் மின்சாரம் பாயும்.

6. இழுப்பதும் கழற்றுவதும்

மிதவை நகர்ந்ததும் தளர்ச்சியைச் சுருட்டி உடனே இழுங்கள். "நன்றாக விழுங்கட்டும்" என்று காத்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். அகலமான வலையில் எடுத்து, ஈரமான மெத்தையில் கிடத்துங்கள். செவுள் மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்து, சிவந்த செவுளைத் தொடாமல் முன்தாடை வரை நகர்த்தித் தூக்கினால் வாய் திறக்கும். 30 செ.மீ. நீளக் குறடால் முள்ளைத் திருப்பி எடுங்கள். வராவிட்டால் கட்டரால் முள்ளையே வெட்டுங்கள். கரை செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். மீனைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்காமல் வலையோடே நீரில் வைத்து, அது தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை நிமிர்த்திப் பிடித்திருங்கள்.