பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்பே இந்தச் சான்றிதழ்களை வாங்கி வையுங்கள்

கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் பெறவும், பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் இதுதான் அடிப்படை. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பணமில்லை என்று பொறியியல் கனவைக் கைவிடும் குடும்பங்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்!

நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டிவரும். இதற்குக் கொஞ்சம் நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் சாதி, வருமானச் சான்றுகள். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றும் சேர்த்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். மே மாதத்தில் அங்கே கூட்டம் அலைமோதும், ஏப்ரலிலேயே போய்விடுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.