பிள்ளைகளுக்கு மனத்தை உலுக்கும் நாவல் கொடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

படிக்கிறவரை அழவைத்தால் அது நல்ல நாவல் என்றொரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. அக்கா தம்பிக்குப் புத்தகம் வாங்கித் தரும்போதும், தமிழாசிரியர் எட்டாம் வகுப்புக்கு எடுத்துக் கொடுக்கும்போதும், கிளை நூலகத்தில் கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நூலகர் தேடித் தரும்போதும் இந்தக் கணக்குதான் முன்னால் நிற்கிறது. அழுகையை வரவழைப்பது எளிது. கதையில் ஒரு நாய்க்குட்டி செத்தால் போதும். அழுது முடித்த பிள்ளை யாரிடம் போய்ப் பேசும், கதைக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கையாவது இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில இங்கே.

மெலிந்த புத்தகம் லேசான புத்தகம் என்று நினைப்பது

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய குறுநாவல். அதனாலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதைக் கொடுத்துவிடுகிறோம். கேள்வி கேட்டதற்கு அடி வாங்கும் ஒரு மாணவி, வலி தெரியாமலிருக்க ஒரு வேதிப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு இறந்துபோகிற கதை அது. ஆசிரியர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. பிள்ளைகளும் படிக்கலாம், ஆனால் பதின்மூன்று வயதுக்குப் பிறகு, பெரியவர் ஒருவர் உடனிருந்து. ஆயிஷாவின் அறிவைக் கண்டு வியக்கும் பிள்ளை அவள் செய்ததையும் கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அது தப்பிக்கும் வழி ஆகாது, அவளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தவறிவிட்டார்கள் என்பதைப் படித்த அன்றே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஏற்கெனவே உள்ள பிள்ளைக்கு இப்படிப்பட்ட கதை இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தேவை பேசுவதற்கு ஓர் ஆள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல ஆலோசனை) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

எப்போதோ படித்த நினைவில் பரிந்துரைப்பது

நம் வட்டாரத்தில் இதற்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. திருப்பத்தூரில் 1912-இல் பிறந்த மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாலாசாவும் சுற்றுப்புறமும் கதைக்களம். அழகும் அறிவும் நிறைந்த சந்திரன் சரிந்துபோவதை, சாதாரண மாணவனான நண்பன் வேலய்யன் சொல்கிறான். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அருமையான தேர்வு. நட்பு, பொறாமை, தோல்வி எல்லாம் அந்த வயதின் சொந்தச் சரக்கு. ஆனால் இருபது வருடத்துக்கு முன் படித்தவருக்கு நட்பு மட்டும் நினைவிலிருக்கும், சந்திரனுக்குத் தொழுநோய் வருவது மறந்திருக்கும். அவனுடைய சரிவோடு சேர்ந்தே அந்த நோயும் வருவதால், தொழுநோய் என்பது ஒழுக்கம் கெட்டவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்று பிள்ளை புரிந்துகொள்ளக்கூடும். அது ஒரு பாக்டீரியாவால் வருவது, கூட்டு மருந்துச் சிகிச்சையில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் குணமாவது என்று இரண்டே வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியில் இந்த நோய்க்காகவே 1955-இல் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது என்பதையும் சொன்னால், நாவல் பழையது, வைத்தியம் முன்னேறிவிட்டது என்பது தானாக விளங்கும்.

மறுபடி முழுவதும் படிக்க நேரமில்லையா? கடைசி மூன்று அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள். பிள்ளையைப் புரட்டிப் போடும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

‘உன்னை மாதிரியே ஒரு பையன்’

எல்லாவற்றையும்விட ஆழமாகப் புண்படுத்துவது இதுதான். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் ஷாப்பில் வேலை செய்கிறார் என்று தெரிந்ததும், உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் துயரம் பேசும் நாவலை எடுத்து, வகுப்பே பார்க்க ‘இது உன் கதைடா’ என்று கொடுக்கிறோம். கொடுக்கிறவர் மனத்தில் அன்புதான் இருக்கிறது. வாங்குகிற பிள்ளைக்கோ, வீட்டின் கஷ்டம் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோன கூச்சம். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கும். சாதிக் கொடுமை பேசும் நாவல்களில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. ஒரு பிள்ளையை மட்டும் குறிவைத்துக் கொடுத்தால், அவன் எந்தத் தெரு என்பதை நாமே மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது போலாகும்.

மூன்று புத்தகங்களை மேசையில் வையுங்கள். ஒன்றில் அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்கு நெருக்கமான கதை, இன்னொன்றில் முற்றிலும் வேறு உலகம், மூன்றாவது சிரிக்கவைப்பது. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டை அவனே கதைக்குள் கண்டுபிடித்தால் அந்தச் சந்தோஷம் வேறு. அந்தக் கதைகளை வசதியான வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும், அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

துக்க வீட்டுக்குத் துக்கக் கதையைக் கொண்டுபோவதும் இதே வகைத் தவறு. அப்பாவை இழந்த பிள்ளைக்கு, அம்மா மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைக்கு, அதே இழப்பைச் சொல்லும் நாவல் ஆறுதல் தரும் என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. சில பிள்ளைகள் அதைத் தேடிப் படிப்பார்கள், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் முடியாது. ‘இதில் அப்பா இறந்துபோகிறார், நடுவில் வருகிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை முடிச்சு அவிழ்ந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்.

வயதும் மொழியும்

பத்து, பன்னிரண்டு வயதுக்கு ஒரு கதையில் ஒரு பெரிய இழப்பு போதும். கலங்காமல் நிற்கும் பெரியவர் ஒருவர் கதையில் இருக்க வேண்டும், அத்தியாயங்கள் சிறியதாக இருக்க வேண்டும். ஜப்பானிய நூலான ‘டோட்டோ-சான்’ நாவல் ஆகாது, அதை எழுதிய டெட்சுகோ குரோயாநாகியின் சிறுவயதுப் பள்ளி நினைவுகள்தான். ஆனாலும் இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். போலியோ பாதித்த தோழன் யாசுவாகி இறப்பது அதில் உண்டு, தாங்கிப் பிடிக்கத் தலைமையாசிரியரும் உண்டு. பதின்மூன்றிலிருந்து பதினைந்து வரை அநியாயம், துரோகம், முடிவு சொல்லாமல் நிறுத்தும் கதை எல்லாம் தாங்கும். சாதி வன்முறை, தற்கொலை, உடல் சார்ந்தவை பதினாறுக்கு மேல்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் படித்திருப்பார்கள். அங்கிருந்து நேரே தடித்த நாவலுக்குத் தாவச் சொன்னால் கால் இடறும். இடையில் நூறு பக்கத்துக்குட்பட்ட இரண்டு மூன்று கதைகள் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூரில் வீட்டில் உருது பேசும் பிள்ளையும், குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளையும் தமிழை மெதுவாகப் படிக்கலாம். அதை வைத்து உணர்ச்சியும் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணிப் பொம்மைக் கதை கொடுத்துவிடக் கூடாது. வட்டார வழக்கும் ஒரு தடைதான். ‘இன்னா’, ‘வந்துகினு’ என்று பேசி வளர்ந்த பிள்ளை கொங்கு அல்லது நாஞ்சில் வழக்கில் எழுதிய நாவலில் முதல் இருபது பக்கத்திலேயே சோர்ந்துவிடும். முதல் பத்துப் பக்கங்களைச் சேர்ந்து உரக்கப் படித்தால் காது பழகிவிடும். எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அடுத்த ஆண்டு கொடுக்கலாம்.

முடித்ததும் பரீட்சை வைப்பது

‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?’ என்ற கேள்வி, உள்ளே ஊறிக்கொண்டிருப்பதை அப்படியே உலர்த்திவிடும். ‘எந்த இடத்துல மூடி வெச்சே?’, ‘யார்மேல கோவம் வந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், நான்கு நாள் கழித்துச் சாப்பிடும்போது தானாகப் பேசும். அழவில்லை என்றாலும் குறையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தயாராக இருக்க வேண்டும். எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது) போல, பிள்ளைகள்மீதான பாலியல் சீண்டலைப் பேசும் கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை, ‘எனக்கும் இப்படி நடந்துச்சு’ என்று சொல்லலாம். குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098.

மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கனமான நாவல் வேண்டாம், மே மாதம் கொடுக்கலாம். பாதியில் வைத்துவிட்டால் கண்டிக்காதீர்கள். நிறுத்திய பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அதே பிள்ளை அதையே கேட்டு வருவதுண்டு. அப்போது சீட்டை எடுத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் யார் யார் என்பதே மறந்துபோயிருக்கும்.