தைப்பூசப் படமும் கணினியும்: புதிய நடுவர்களுக்குச் சில வழிகள்

பினாங்கில் தமிழ்ப் பிள்ளைகளின் ஓவியப் போட்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நடுவராக இருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் மேசைக்கு வருகின்றன. அவை கலையா என்று கேட்கும் புதிய நடுவர்களுக்கு, நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் பளபளப்பை ஒதுக்கிவிட்டுப் பொருள்களைப் பாருங்கள். சென்ற ஆண்டு தைப்பூசத் தலைப்பில் கண்ணைப் பறிக்கும் ஒரு படம் வந்தது. வெள்ளி ரதம், விளக்கொளி, பெருங்கூட்டம். ஆனால் முருகன் கையில் வேலுக்குப் பதில் மூன்று முனைச் சூலம்! இணையத்தில் திரட்டிய கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்ற கணினிக்கு இந்த வேறுபாடு உறைக்கவில்லை. அடுத்த தாள் மெழுகு வண்ணத்தில் வரைந்தது. ரதம் ஒரு மூலையில் சிறியதாக இருந்தது. நடுவில் ரப்பர் காலணி அணிந்த ஒருவர், உடைந்த சிதறுகாய்களை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ரதத்துக்கு வழிவிட அப்படித்தான் சாலையைத் துப்புரவு செய்வார்கள். அங்கே நின்று பார்த்த பிள்ளைதான் அதை நடுவில் வைக்கும்.

பிழையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நாளை கணினி வேலாயுதத்தைச் சரியாகவே வரையும். ஆகவே படைத்தவரை அழைத்து, எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று கேளுங்கள். ஒரு வரி தட்டச்சு செய்து, வந்த முதல் படத்தை அனுப்பியதை நான் கலையாக ஏற்பதில்லை. பல நாள் தேடித் திருத்தியவரின் பதிலை உட்கார்ந்து கேட்பேன். 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் கணினிப் படத்துக்குப் பரிசு பெற்ற ஜேசன் ஆலன், அறுநூறுக்கும் மேற்பட்ட முறை கட்டளைகளை மாற்றிப் பார்த்ததாகச் சொன்னார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். மறு ஆண்டு அவருடைய படத்தைப் பதிவு செய்ய அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. அது உரிமை பற்றிய முடிவு. கலையா இல்லையா என்ற கேள்வியை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

விண்ணப்பத்திலேயே கருவியின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் கணினிப் படத்துக்குக் கிடைத்த சோனி உலகப் புகைப்பட விருதை 2023இல் மறுத்தபோது, கணினிப் படமும் புகைப்படமும் ஒரே விருதுக்குப் போட்டியிடக் கூடாது என்றார். எனக்கும் அதுவே சரி. தனிப்பிரிவு வையுங்கள்.

கணினிப் படத்தைக் கண்டறியும் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். ஒரு போட்டியில் அதை நம்பி, கையால் வரைந்த சிறுமியின் படத்தைத் தள்ளிவிட்டார்கள். அவள் நகக்கண்ணில் நீல வண்ணம் அப்படியே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஐயம் வந்தால் வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, படத்தின் ஒரு பகுதியைப் பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். கோட்டின் அழகைப் பார்க்க வேண்டாம். எங்கே தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். சிதறுகாய் வரைந்த பிள்ளை ரதத்தைத் தொடவே இல்லை. மண்வெட்டியின் பிடியிலிருந்து தொடங்கினாள்.